யுலிசஸை எண்ணியவர்கள்

1937இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. அதை உட்கார்ந்து வாசிக்க முடியாது. ஒரே ஒரு நாவலில் வரும் அத்தனை சொற்களையும் பொறுக்கியெடுத்து அகரவரிசையில் அடுக்கிய சொல்லடைவு அது. மைல்ஸ் ஹான்லி என்ற பேராசிரியரும் அவருடைய துணையாளர்களும் கணினி இல்லாத காலத்தில் செய்து முடித்த வேலை. பைபிளுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் சொல்லடைவு போடுவது பழைய வழக்கம்தான். இவர்கள் எடுத்துக்கொண்டதோ அப்போது உயிரோடிருந்த ஒருவரின் நாவலை. அதுவும், நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை ஆபாசம் என்று அமெரிக்கா உள்ளே விடாமல் தடுத்து வைத்திருந்த நாவலை. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்'.

நாவலில் மொத்தம் 2,60,430 சொற்கள் இருந்தன. திரும்பத் திரும்ப வருவதை ஒரு முறை மட்டும் எண்ணினால் 29,899 வெவ்வேறு சொற்கள். அவற்றில் 16,432 சொற்கள் ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டுப் போய்விடுகின்றன. அதாவது ஜாய்ஸ் கையாண்ட சொற்களில் பாதிக்கு மேல் அவர் இரண்டாம் முறை தொடவேயில்லை.

இலக்கிய ஆய்வாளர்களுக்காகச் செய்த இந்த அடைவு, ஹார்வர்டில் ஜெர்மன் மொழி கற்பித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் என்பவர் கைக்குப் போனது. இலக்கியத்தைவிட எண்ணிக்கையில் ஆர்வம் மிகுந்தவர் அவர். எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அதற்கு முதலிடம், அடுத்ததற்கு இரண்டாமிடம் என்று எல்லாச் சொற்களும் வரிசையில் நிறுத்தப்பட்டன. 10ஆம் இடத்தில் நின்ற சொல் நாவலில் 2,653 முறை வந்திருந்தது. 100ஆம் இடத்தில் நின்றது 265 முறை. 1,000ஆம் இடத்தில் 26 முறை. 10,000ஆம் இடத்துக்கு இறங்கினால் 2 முறை.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். இடம் பத்து மடங்கு கீழே போகும்போது எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இடத்தையும் எண்ணிக்கையையும் பெருக்கிப் பாருங்கள்: 26,530, 26,500, 26,000, 20,000. கடைசிச் சொல் 29,899ஆம் இடத்தில் ஒரு முறை வருகிறது, பெருக்கினால் 29,899. மேலிருந்து கீழ்வரை ஒரே வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் எண். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பத்து மடங்காக ஏறும் மடக்கைத் தாளில் இதை வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு கிடைக்கும்.

ஜிப்ஃப் 1949இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கோட்டின் பக்கத்திலேயே இன்னொரு கோட்டையும் வரைந்து காட்டினார். அது 1911இல் எல்ட்ரிட்ஜ் என்பவர் அமெரிக்கச் செய்தித்தாள்களிலிருந்து எண்ணியெடுத்த 43,989 சொற்களின் கோடு. அவற்றில் 6,002 வெவ்வேறு சொற்கள். ஒரு பக்கம் பத்திரிகை அலுவலகத்தில் அவசரமாக எழுதி மறுநாளே பழசாகிப்போகும் செய்திகள். மறுபக்கம் ஏழாண்டுகள் உட்கார்ந்து செதுக்கிய, இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிக்கலான நாவல்களில் ஒன்று. தாளில் இரண்டும் ஒரே சாய்வில், இணையாக இறங்கின. 'யுலிசஸ்' நாயகன் லியோபோல்ட் புளூம் செய்தித்தாளுக்கு விளம்பரம் பிடிக்கும் ஆள் என்பதை ஜிப்ஃப் கவனித்தாரோ என்னவோ, எனக்கு அது சுவாரசியமாகவே இருக்கிறது.

கேள்வி இதுதான். எழுத்தில் எந்த விதிக்கும் கட்டுப்படமாட்டேன் என்று வாழ்ந்த ஒரு மனிதரின் எழுத்து, அவருக்குத் தெரியாமலே ஒரு கணக்குக்கு எப்படி இவ்வளவு பணிந்து நடக்கிறது?

*

பணிந்து நடப்பது ஜாய்ஸின் இயல்பில் இல்லை. 1882 பிப்ரவரி 2ஆம் நாள் டப்ளினில் பிறந்தார். உயிர்பிழைத்த பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். தந்தை வரி வசூலிப்பவர். நல்ல குரலும் குடியும் கடனும் உள்ளவர். வேலை போனதும் குடும்பம் வீடு மாறி வீடு மாறிச் சரிந்தது. மகன் ஏசுசபைப் பள்ளிகளில் படித்து, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் மொழிகள் கற்று, 1902இல் மருத்துவம் படிக்கப் பாரிஸ் போனார். தாய் சாகக் கிடக்கிறாள் என்று தந்தி வந்ததும் திரும்பினார். மருத்துவப் படிப்பு அத்தோடு சரி.

1904இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அயர்லாந்தின் இசைப்போட்டியில் பாடி வெண்கலப் பதக்கம் வாங்கினார். இசைக்குறிப்பைக் கையில் கொடுத்துப் பார்த்தவுடன் பாடச் சொன்னபோது மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டதால்தான் மேல் பரிசு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் ஓட்டலில் வேலைசெய்த நோரா பார்னக்கிளைச் சந்தித்தார். ஜூன் 16 அன்று இருவரும் முதல்முறையாக வெளியே சென்றார்கள். பிறகு 'யுலிசஸ்' முழுவதையும் அந்த ஒரு நாளுக்குள் அடைத்துவைத்தார். அக்டோபரில் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலே நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள். போலா, பிறகு திரியெஸ்தே என்று ஏட்ரியாட்டிக் கடற்கரைத் துறைமுகங்களில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். சட்டப்படியான திருமணம் 1931இல்தான் நடந்தது.

பிழைப்புக்கு என்னென்னவோ செய்து பார்த்தார். 1909இல் டப்ளினுக்கு வந்து வோல்டா என்ற சினிமாக் கொட்டகையைத் திறந்துவைத்தார். சில மாதங்களில் அது கைமாறியது. சிறுகதைத் தொகுப்பான 'டப்ளினர்ஸ்' பட்ட பாடு தனிக்கதை. 1905இல் பதிப்பாளரிடம் போன கையெழுத்துப் பிரதி, அச்சகத்தார் பயந்ததால் நின்றது. 1912இல் வேறொரு டப்ளின் பதிப்பாளர் அச்சடித்தே முடித்த பிறகு, அச்சகம் அந்தத் தாள்களை அழித்துவிட்டது. அந்தக் கோபத்தில் டப்ளினை விட்டுப் போனவர் திரும்ப அங்கே கால்வைக்கவில்லை. முதலில் மறுத்த அதே லண்டன் பதிப்பாளர் 1914இல் புத்தகத்தை வெளியிட்டார். 15 கதைகள். முதல் ஓராண்டில் சில நூறு பிரதிகளே விற்றன. அதில் 120 பிரதிகளை வாங்கியவர் ஜாய்ஸ்.

'யுலிசஸ்' 1918 முதல் நியூயார்க்கின் 'லிட்டில் ரிவியூ' பத்திரிகையில் தொடராக வந்தது. ஆபாசம் என்று வழக்கு வந்து, 1921இல் அதன் இரண்டு பெண் ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அச்சிட ஆளில்லை என்ற நிலையில், பாரிசில் புத்தகக் கடை வைத்திருந்த சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண் பதிப்பாளராக முன்வந்தார். அச்சிட்டது திஜோன் நகரத்து அச்சகம். எழுத்துக் கோத்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. வந்த அச்சுப்படிகளில் எல்லாம் ஜாய்ஸ் ஓரங்களில் எழுதி எழுதிச் சேர்த்தார். நாவலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி அச்சுப்படிகளின் ஓரத்தில் பிறந்தது. 1922 பிப்ரவரி 2, அவருடைய நாற்பதாவது பிறந்தநாளில், முதல் பிரதிகள் கைக்கு வந்தன.

ஹான்லி குழு எண்ணிய பதிப்பைப் பற்றியும் ஒரு செய்தி. நீதிபதி வூல்சி 1933இல் தடையை நீக்கிய பிறகு, ராண்டம் ஹவுஸ் அவசரமாக 1934இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தது. அதற்கு மூலமாக அச்சுக்கோப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, தெரியாமல், அமெரிக்காவில் ஒருவர் திருட்டுத்தனமாக அச்சடித்த பிழை மலிந்த பிரதி. அந்த வழியில் வந்த பதிப்பைத்தான் விஸ்கான்சினில் எண்ணினார்கள். அச்சுப்பிழைகளுக்கு ஜிப்ஃபின் கோடு அசைந்து கொடுக்கவில்லை.

*

இந்த எழுத்து வேலையெல்லாம் நடந்தது பாதிப் பார்வையோடு. 1907இல் திரியெஸ்தேயில் வாதக் காய்ச்சலில் படுத்தார். அந்த ஆண்டே கண்ணிலும் அழற்சி வந்தது. 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதையும் மிகச் சிறந்த கதையுமான 'தி டெட்' அந்த நோயிலிருந்து எழுந்த மாதங்களில் முடிந்தது.

கண்ணுக்கு நிறம் தரும் வட்டத் திரைக்கு ஐரிஸ் என்று பெயர். அதன் நடுவிலுள்ள துளைதான் கண்மணி. ஐரிஸ் வீங்கிச் சிவந்தால் பின்னாலிருக்கும் லென்சோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் ஊறி, ஐரிஸின் பின்னாலிருந்து கண்மணி வழியாக முன்னால் வந்து, ஓரத்தில் வடிந்துபோக வேண்டும். ஐரிஸ் ஒட்டிக்கொண்டால் மதகு அடைத்த ஏரிபோல நீர் தேங்குகிறது. அழுத்தம் ஏறி, பின்னாலுள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. இதுதான் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயின் ஒரு வகை. 1917 ஆகஸ்டில் சூரிக் நகரத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஜாய்ஸுக்கு அந்த வலி வந்தது. இருந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. சில நாட்களில் வலது கண்ணின் ஐரிஸில் ஒரு துண்டை அறுத்தெடுத்து நீருக்கு வேறு வழி திறந்தார்கள். பார்வையின் கூர்மை அதன்பின் திரும்பவில்லை.

பிறகு பாரிசில் டாக்டர் லூயி போர்ஷ், அவர் இறந்ததும் சூரிக்கில் டாக்டர் ஆல்ஃபிரட் ஃபோக்ட் என்று இருவர் கைகளிலும் கண்களைக் கொடுத்தார். மொத்தம் பத்துக்கு மேற்பட்ட அறுவைகள். கண்மணியை விரித்து ஐரிஸ் ஒட்டாமல் வைக்க அட்ரோபீன் சொட்டுகள். கண்ணைச் சுற்றி அட்டை விட்டு ரத்தம் உறிஞ்ச வைப்பதும் நடந்தது. இன்று இந்த அழற்சிக்கு முதலில் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு, அவர் இறந்து பத்தாண்டு கழித்துத்தான் புழக்கத்துக்கு வந்தது. மீண்டும் மீண்டும் வந்த அழற்சி கண்புரையையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஜாய்ஸுக்குக் கிட்டப்பார்வை என்றுதான் வாழ்க்கை வரலாறுகள் பல எழுதிவந்தன. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கண் மருத்துவர்கள் அதை மறுத்தார்கள். அவருடைய புகைப்படங்களைப் பார்த்தாலே நமக்கும் புரியும். கிட்டப்பார்வைக்காரரின் குழிலென்ஸ் கண்ணைச் சிறிதாகக் காட்டும். ஜாய்ஸின் கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரிகிறது. அது குவிலென்ஸ். அவருக்கு இருந்தது தூரப்பார்வை. அந்த வகைக் கண்கள் சிறியவை, முன்னறை ஆழம் குறைந்தவை. கண் அழுத்த நோய் எளிதில் வரக்கூடியவை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஆராய்ச்சி எழுதியவர்கள் கண்ணெதிரே இருந்த கண்ணாடியைக் கவனிக்காமல் விட்டது வேடிக்கைதான்.

பார்வை மங்கியதால்தான் ஜாய்ஸின் நடை காதுக்கானதாக மாறியது என்று சொல்பவர்கள் உண்டு. அழகான விளக்கம், எனக்கு நம்பிக்கையில்லை. பதக்கம் வாங்கிய பாடகர் அவர், கண் நன்றாக இருந்த நாளிலேயே காதால் எழுதியவர். நோய் மாற்றியது எழுதும் முறையை. பெரிய தாள்களில் பெரிய எழுத்துகள், வண்ணப் பென்சில்கள். குறிப்பேடுகளில் ஒற்றைச் சொற்களையும் துண்டுத் தொடர்களையும் குவித்துவைத்து, ஒவ்வொன்றையும் நாவலுக்குள் செருகியதும் சிவப்பிலோ நீலத்திலோ பச்சையிலோ அடித்துவிடுவார். அந்தக் குறிப்பேடுகள் பல இன்று அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வண்ணக்கோடுகளுக்கு அடியில் பொறுக்கிய சொற்கள் இன்னும் தெரிகின்றன.

சூரிக்கில் அவருக்கு நண்பராக இருந்த ஆங்கில ஓவியர் ஃபிராங்க் பட்ஜென் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். நாள் முழுவதும் உழைத்ததாக ஜாய்ஸ் சொல்ல, எவ்வளவு எழுதினீர்கள் என்று இவர் கேட்டார். இரண்டு வாக்கியம் என்று பதில் வந்தது. சரியான சொல் கிடைக்கவில்லையோ என்று பட்ஜென் நினைத்தார். ஜாய்ஸின் விளக்கம் வேறு: சொற்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன, வாக்கியத்துக்குள் அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு ஜிப்ஃபிடம் திரும்பலாம்.

*

ஜிப்ஃப் தந்த விளக்கம் மனிதனின் சோம்பலை அடிப்படையாகக் கொண்டது. பேசுகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இருந்தால் சௌகரியம், தேட வேண்டியதில்லை. கேட்கிறவனுக்கோ ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் சௌகரியம், ஊகிக்க வேண்டியதில்லை. இந்த இழுபறியில் மொழி ஒரு சமநிலைக்கு வருகிறது. சில சொற்கள் ஓயாமல் உழைக்கின்றன, பல்லாயிரம் சொற்கள் எப்போதாவது எட்டிப்பார்க்கின்றன. குறைந்த முயற்சி விதி என்று இதற்குப் பெயர் வைத்தார். நகரங்களின் மக்கள்தொகையும் இப்படித்தான் படிப்படியாக இறங்குகிறது என்று காட்டி, மனித நடத்தை அத்தனையையும் இந்த ஒரு விதிக்குள் கொண்டுவர முயன்றார். புத்தகம் வந்த அடுத்த ஆண்டே, 48 வயதில், இறந்துவிட்டார்.

அவருக்குப் பின்வந்தவர்களுக்கு விளக்கம் போதவில்லை. கோட்டின் உச்சியில் ஓர் உறுத்தலும் இருந்தது. கணக்குப்படி 'யுலிசஸில்' முதலிடத்துச் சொல் 26,000 முறை வர வேண்டும். அந்த இடத்தில் இருப்பது பெயர்களுக்கு முன்னால் வரும் 'தி' என்ற ஆங்கிலச் சுட்டு. அது சுமார் 15,000 முறைதான் வருகிறது. பிற்பாடு ஃபிராக்டல் வடிவங்களால் உலகப்புகழ் பெற்ற பெனுவா மாண்டல்பிரோ, 1950களில் ஜிப்ஃபின் சூத்திரத்தில் ஒரு திருத்தம் செய்து உச்சியை வளைத்துச் சரிப்படுத்தினார்.

1955இல் ஹெர்பர்ட் சைமன் வந்தார். பின்னாளில் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். அவரும் 'யுலிசஸ்' அடைவைக் கையில் எடுத்தார். அவருடைய யோசனை இப்படி. ஒருவர் எழுதிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு அடியிலும் அவர் இதுவரை பயன்படுத்தாத புதுச்சொல்லைப் போடக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. இல்லையென்றால் ஏற்கெனவே எழுதியதிலிருந்து ஒரு சொல்லைத் திரும்பப் போடுகிறார். அப்போது எது அதிகம் வந்திருக்கிறதோ அதற்கே வாய்ப்பு அதிகம். இருப்பவனிடமே மேலும் சேரும் என்ற உலக வழக்குதான். 'யுலிசஸில்' 2,60,430 சொல்லுக்கு 29,899 புதுச்சொல் என்பதால், புதுச்சொல்லின் வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்றரை. இந்த ஓர் எண்ணை மட்டும் சைமனின் சூத்திரத்தில் போட்டால், ஒரே ஒரு முறை வரும் சொற்கள் எத்தனை என்ற கேள்விக்கு 16,000க்குச் சற்றுக் குறைவாக விடை வருகிறது. நாவலில் இருப்பது 16,432. மூளை, பாத்திரம், டப்ளின், காமம், கத்தோலிக்கம் எதுவும் தெரியாத ஒரு சூத்திரம் இவ்வளவு நெருங்கி வருகிறது.

மாண்டல்பிரோ இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஆய்விதழில் இருவரும் மாறி மாறி எழுதினார்கள். மாண்டல்பிரோ 'இறுதிக் குறிப்பு' எழுத, சைமன் அதற்குப் பதில் எழுத, மாண்டல்பிரோ இறுதிக் குறிப்புக்கு ஒரு பின்குறிப்பு எழுத, சைமன் அந்தப் பின்குறிப்புக்கும் பதில் எழுதினார். அந்தத் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே ஜாய்ஸ் எழுதிய நகைச்சுவை மாதிரி இருக்கும்.

1957இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் இருவரையும் ஓரங்கட்டும்படி ஒன்று சொன்னார். குரங்கு ஒன்று தட்டச்சுப்பொறியில் கண்டபடி தட்டுகிறது. இடைவெளிக் கட்டையும் அவ்வப்போது அடிபடுகிறது. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் விழுவதைச் சொல் என்று கொண்டால், குட்டைச் சொற்கள் அடிக்கடி வரும். நீளம் ஓர் எழுத்து கூடினால் சாத்தியமான சொற்கள் பல மடங்கு பெருகும், ஒவ்வொன்றும் வரும் வாய்ப்பு பல மடங்கு சுருங்கும். வரிசைப்படுத்தினால் அதே மாதிரிச் சரிவு. அப்படியென்றால் ஜிப்ஃபின் விதி மனித மனத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா? இந்த வாதம் இன்றும் தீரவில்லை. குரங்கின் சொற்களுக்குப் பொருள் கிடையாது. மனிதச் சொல் வருவதும் வராததும் பொருளைச் சார்ந்தது, ஓர் எழுத்துக் கூடுவதால் மட்டும் அல்ல என்பது எதிர்த்தரப்பின் வலுவான பதில்.

எண்ணும் முறையும் முக்கியம். ஆங்கில அடைவில் ஒரே வினையின் கால வடிவங்கள் தனித்தனிச் சொல்லாகவே எண்ணப்பட்டன. வேற்றுமையும் இடமும் காலமும் பின்னொட்டாக ஏறும் தமிழில் இப்படி எண்ணினால் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து எல்லாம் வேறு வேறு சொல்லாகும். ஒருமுறை மட்டும் வருபவை இன்னும் பெருகும். ஆனாலும் சரிவு சரிவாகவே இருக்கும்.

இப்போது பட்ஜெனிடம் ஜாய்ஸ் சொன்னது நினைவுக்கு வர வேண்டும். 'யுலிசஸின்' 2,60,430 சொற்களையும் கலைத்துக் குலுக்கி, வந்தபடி அச்சடித்தாலும் ஜிப்ஃபின் கோடு ஒரு மயிரிழை நகராது. எத்தனை முறை என்பதை மட்டும் பார்க்கும் விதிக்கு எங்கே என்பது தெரியாது. ஜாய்ஸ் ஒரு நாளைச் செலவிட்டது எங்கே என்பதற்காக. அகரவரிசை அடைவு முதலில் தூக்கியெறிவதும் அதைத்தான். விதிக்கு அவர் பணிந்தார் என்று சொல்லும்போது, அவருக்கு அக்கறையே இல்லாத ஓர் இடத்தில் பணிந்தார் என்று சேர்த்துச் சொல்வதே நியாயம்.

*

வரிசையை அளக்க முடியுமா? 2016இல் போலந்தின் கிராகோவ் நகரிலுள்ள அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தார் அதைச் செய்து பார்த்தார்கள். இயற்பியலில் ஜாய்ஸ் என்றால் எல்லாரும் சொல்வது குவார்க் என்ற பெயரைத்தான். மர்ரி கெல்மான் 1964இல் அணுவின் உட்துகளுக்கு வைத்த பெயருக்கு எழுத்துக்கூட்டு 'ஃபினகன்ஸ் வேக்' நாவலிலிருந்து கிடைத்தது. அது வெறும் பெயர்சூட்டல். போலந்துக்காரர்கள் செய்தது அளவை.

நூற்றுக்கு மேற்பட்ட இலக்கிய நூல்களை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொல் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார்கள். கதை போய்விட்டது, சொல் போய்விட்டது. எண்களின் தொடர் ஒன்றுதான் மிச்சம். அதில் நீண்ட வாக்கியங்களும் குட்டை வாக்கியங்களும் தற்செயலாகத் தூவிக் கிடக்கவில்லை. நீண்டவை கூட்டமாக வருகின்றன, அந்தக் கூட்டங்கள் பெருங்கூட்டமாகின்றன. பத்து வாக்கியத்தில் தெரியும் ஏற்ற இறக்கம் ஆயிரம் வாக்கியத்திலும் அதே சாயலில் தெரிகிறது. பகுதியும் முழுமையும் ஒரே சாயலில் இருக்கும் இந்தத் தன்மைக்குத்தான் மாண்டல்பிரோ ஃபிராக்டல் என்று பெயர் வைத்திருந்தார். வாக்கியங்களைக் கலைத்துப் போட்டால் இந்த உறவுகள் அறுந்துவிடும். ஆகவே இது வரிசையின் பண்பு.

பெரும்பாலான நூல்களில் இது ஓரளவுக்கு இருந்தது. மனதில் ஓடும் எண்ணங்களை ஓடியபடியே பதியும் நனவோடை முறையில் எழுதிய நாவல்களில் பல ஃபிராக்டல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தன, மல்டிஃபிராக்டல் என்பார்கள். ஜாய்ஸ் 1939இல் வெளியிட்ட கடைசி நாவலான 'ஃபினகன்ஸ் வேக்' எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. கணித முறைப்படி செயற்கையாக உருவாக்கிய மல்டிஃபிராக்டலோடு அதை ஒப்பிட்டால் வேறுபாடு சொல்வது கடினம் என்ற அளவுக்கு. பதினாறு பதினேழு ஆண்டுகள், பாதிப் பார்வையோடு, பல நேரம் மற்றவர்கள் வாசித்துக் காட்ட, பல மொழிகளை உடைத்துச் சேர்த்து எழுதிய நூல் அது. இடிமுழக்கமாக வரும் பத்து ராட்சதச் சொற்கள் உள்ளே இருக்கின்றன: ஒன்பதில் தலா 100 எழுத்து, ஒன்றில் 101, கூட்டினால் 1001. அரபுக் கதைகளின் இரவுகள் எத்தனையோ அத்தனை. இந்தக் கணக்கை ஜாய்ஸ் தெரிந்தே போட்டார். வாக்கிய நீளங்களின் மல்டிஃபிராக்டலை அவர் தெரிந்து போட்டிருக்க வழியில்லை. அதை அளக்கும் கணிதமே அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்தது.

அதே குழுவினர் 2024இல் நிறுத்தற்குறிகளைப் பிடித்தார்கள். ஒரு காற்புள்ளிக்கும் அடுத்த குறிக்கும் இடையில் எத்தனை சொல்? இதற்கு ஸ்வீடன் பொறியாளர் வெய்புல்லின் பெயரால் அழைக்கப்படும் கணக்கு பொருந்துகிறது. இயந்திர உறுப்பு எத்தனை நாள் உழைத்துப் பழுதாகும் என்று பார்க்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு அது. சாதாரண உரைநடையில் நிறுத்தாமல் எவ்வளவு தூரம் போகிறோமோ, அடுத்த சொல்லுக்குப் பின் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது. மூச்சு முட்டுகிறது, நினைவு தளும்புகிறது, காற்புள்ளி வந்துதான் ஆக வேண்டும். எடுத்துக்கொண்ட செவ்விலக்கியங்கள் பலவும் இந்த வழியில்தான் போயின. புதுமுயற்சி நாவல்கள்கூடப் பெரும்பாலும் இதைத் தாண்டவில்லை.

ஜாய்ஸின் சில நூல்களில், எல்லாவற்றையும்விட 'ஃபினகன்ஸ் வேக்'கில், அது தலைகீழாகிறது. நிறுத்தாமல் ஓட ஓட, நிறுத்தும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. ஒரு தொடர் நீண்டுவிட்டது என்றால் அது இன்னும் நீளத்தான் போகிறது. சொற்களின் எண்ணிக்கையில் செய்தித்தாளோடு ஒரே சாய்வில் இறங்கிய மனிதர், எங்கே நிற்பது என்ற இடத்தில் மற்றவர்கள் எல்லாரையும் விட்டுப் பிரிந்து எதிர்த்திசையில் போகிறார்.

இதற்கான அறிகுறி 'யுலிசஸில்' முன்பே இருந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் புளூமின் மனைவி மோலி படுக்கையில் கிடந்து நினைத்துக்கொண்டே போகிறாள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், எட்டே வாக்கியங்கள், கிட்டத்தட்ட நிறுத்தற்குறியே இல்லை. எண்ண வருகிறவர் முதலில் எதை வாக்கியம் என்பது என்று முடிவுசெய்தாக வேண்டும். 'ஃபினகன்ஸ் வேக்' வந்த இருபதே மாதங்களில், போரால் பிரான்சைவிட்டு வெளியேறி சூரிக் போய்ச்சேர்ந்த ஜாய்ஸ், 1941 ஜனவரி 13 அன்று குடற்புண் வெடித்து இறந்தார், வயது 58. அந்த நாவலின் கடைசி வாக்கியம் நடுவழியில், முற்றுப்புள்ளி இல்லாமல் அறுகிறது. முதல் பக்கம் ஒரு வாக்கியத்தின் பிற்பாதியோடு தொடங்குகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எத்தனை சொல் என்று குறிக்க வேண்டுமானால், கடைசிப் பக்கத்தில் எண்ணத் தொடங்கி முதல் பக்கத்தில் போய் முடிக்க வேண்டும்.